மகளின் மன உளைச்சலுக்குச் செயலி தேடினேன்: பணம் கட்டும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, என்னவென்று கேட்டால் எரிந்து விழுகிறது. வெளியே சொன்னால் ஊர் என்ன பேசுமோ என்று பயம். அதனால் செல்போனில் ஏதாவது செயலி கிடைக்குமா என்று நள்ளிரவில் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர் சிலராவது இருப்பார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மகள் இதை முழுவதும் படித்து, வேண்டாம் என்று அவள் சொன்ன இடங்களை நீக்கிய பிறகே உங்கள் முன் வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது கும்பகோணம் பக்கம். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் மகளும்தான். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு எடுத்தாள். பள்ளியிலேயே நீட் பயிற்சியும் உண்டு. காலையில் இருட்டோடு கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வீடு திரும்புவாள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே அவளிடம் ஏதோ மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். அது நின்றது. சீப்பைத் தொடாமல், பழைய பின்னலின் மேலேயே ரப்பர் பேண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். டிபன் டப்பா போனபடியே திரும்பி வந்தது. அழுதிருந்தால் நான் சீக்கிரம் புரிந்துகொண்டிருப்பேன். அவள் அழவில்லை, கத்தினாள். இந்த வயதில் மனச்சோர்வு பல பிள்ளைகளிடம் சோகமாக வெளிப்படாமல் எரிச்சலாகவும் கோபமாகவும்தான் வெளிப்படும் என்று பின்னால் மருத்துவர் சொன்னபோதுதான் அந்த மாதங்கள் எனக்கு விளங்கின. மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு பதினான்கு வயதுக்குள்ளேயும், பாதி பதினெட்டு வயதுக்குள்ளேயும் தொடங்கிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டில் இதை யார் நமக்குச் சொல்லித் தருகிறார்கள்?

நாத்தனார் திருஷ்டி சுற்றிப் போடச் சொன்னார். கணவர் போனில், படிப்புச் சுமைதான், லீவு விட்டால் சரியாகிவிடும் என்றார். வழக்கமாகப் போகும் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு சரியாக இருந்தது, ரத்தசோகை கொஞ்சம் இருந்தது, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு மூடிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே விளக்கு எரிகிறதா என்று கீழ் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

அந்த நிலையில்தான் விளம்பரம் வந்தது. 24 மணி நேரமும் உங்கள் பிள்ளையோடு பேசும், யாருக்கும் தெரியாது, முதல் ஏழு நாள் இலவசம் என்றது. ‘யாருக்கும் தெரியாது’ என்பதுதான் என்னை இழுத்தது. எங்கள் ஊரில் மனநல மருத்துவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் மறுநாள் கடைத்தெருவில் விசாரிப்பார்கள். பெண் பிள்ளை வேறு. மகளிடம் காட்டினேன். அவளே அதற்கு முன் ஒன்றிரண்டு இலவசச் செயலிகளைப் பார்த்து வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் யுபிஐ கணக்கை இணைத்தோம். இலவச நாள்கள் முடிந்ததும் ஆண்டுச் சந்தா 3,499 ரூபாய் போய்விட்டது.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயலியை அழித்துவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. ஆண்ட்ராய்டு போன் என்றால் பிளே ஸ்டோரில் மேலே வலது மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்ற இடத்துக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியிலும் அந்த அனுமதி நிற்கிறதா என்று பார்த்து நீக்கிவிடுங்கள். இப்படித் தானாக எடுக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எனக்கும் வந்திருந்தது, விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே. இலவசக் காலம் எடுத்த அன்றைக்கே ரத்து செய்துவிடலாம், பெரும்பாலும் மீதி நாள்களுக்குச் செயலி வேலை செய்யும். பணம் போய்விட்டது என்றால் முதல் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே திருப்பிக் கேட்கலாம். அதற்குப் பிறகு செயலி நிறுவனத்தின் மனசு.

செயலி எதற்கும் உதவவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். முதல் சில வாரங்கள் அவளுக்கு ஆறுதலாகவே இருந்தது. மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, நிறுத்தி, மெல்ல விடும் பயிற்சி ஒன்று இருந்தது. தேர்வு அறைக்குப் போகும் முன் நெஞ்சு படபடக்கும்போது அது கை கொடுத்தது என்கிறாள். இன்னொன்று, எண்ணங்களை எழுதும் பக்கம். என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, எப்படி இருந்தது என்று மூன்றையும் பிரித்து எழுதச் சொல்லும். ‘இயற்பியலில் எனக்கு எதுவும் வராது’ என்று எழுதினால், அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று கேட்கும். இது ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் வகுத்த சிகிச்சை முறையிலிருந்து வந்தது. சொந்தச் சரக்கு இல்லாத செயலிகள்கூட இதைத்தான் பல வண்ணங்களில் விற்கின்றன. நல்ல முறைதான். ஆனால் இதைச் செய்ய நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும் என்பதை யாராவது அப்போது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

கெடுதல் வேறு வழியில் வந்தது. தினமும் உள்ளே போய் ஒரு முகத்தைத் தொட வேண்டும். சிரிக்கும் முகம், சாதாரண முகம், அழும் முகம். விடாமல் வந்த நாள்களை எண்ணி ஒரு சுடர் படம் காட்டும். ஒரு நாள் காய்ச்சலில் படுத்திருந்தாள், மறுநாள் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு அவள் அழுத அழுகை எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. ‘இதைக்கூட என்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லையே, அம்மா’ என்றாள். மதிப்பெண்ணால் நொந்து போன பிள்ளைக்கு இன்னொரு மதிப்பெண் அட்டையை நாங்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தோம். உங்கள் பிள்ளை தன்னையே அளந்து அளந்து நோகிற வகை என்றால், இந்த நாள் கணக்கு, பதக்கம், தினசரி நினைவூட்டல் எல்லாவற்றையும் அமைப்பில் போய் அணைத்துவிடுங்கள். அணைக்க வழி இல்லை என்றால் அந்தச் செயலி அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

பேச்சும் சரிப்படவில்லை. அவள் ஆங்கிலவழியில் படிப்பவள்தான், ஆனாலும் நெஞ்சு கனக்கும்போது வருவது தமிழ்தான். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினால் அந்த இயந்திரம் ‘நல்லது, இன்னும் சொல்’ என்று பதில் கொடுத்தது. வீட்டில் யாரும் தன்னைப் பார்ப்பதே இல்லை என்று எழுதிய பெண்ணுக்கு ‘நல்லது’. கொஞ்ச நாளில் அவள் அதனிடம் உண்மையை எழுதுவதையே விட்டுவிட்டாள். எது எழுதினால் பாராட்டு வருமோ அதை எழுதினாள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்பது கேள்விகள் வரும். தூக்கம், பசி, சோர்வு, படிப்பில் கவனம் என்று போகும். அது பிஹெச்கியூ-9 என்று, மனச்சோர்வை அளக்க மருத்துவர்களும் பயன்படுத்தும் கேள்வித்தாள்தான். பூஜ்யம் முதல் 27 வரை மதிப்பெண் வரும். 10 என்றால் நடுத்தரம், 15, 20 என்று ஏற ஏறத் தீவிரம். மருத்துவர் கையில் அது ஒரு தொடக்கம். அதை வைத்து அவர் மேலே கேட்பார், முகத்தைப் பார்ப்பார். செயலியில் மகளின் எண் ஏறிக்கொண்டே போனது, அதற்குச் செயலி செய்ததெல்லாம் அடுத்த கட்டணத் திட்டத்தைக் காட்டியதுதான். பயிற்றுநர் ஒருவர் நேரடியாகப் பேசுவார், தொகுப்பு 9,000 ரூபாய். கணவர் அனுப்பிய பணத்தில் வீட்டுக்கடன் தவணைக்கு வைத்திருந்ததை எடுத்துக் கட்டினேன்.

பேசியவர் இனிமையானவர். தினமும் நன்றி சொல்ல மூன்று விஷயங்களை எழுது, காலையில் சீக்கிரம் எழு, நல்லதையே நினை என்றார். பிள்ளையின் எடை குறைந்திருக்கிறதா, எப்போது தூங்குகிறாள், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா, ஒன்றும் கேட்கவில்லை. என்ன படித்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் நானே கேட்டேன். ஏதோ இணையவழிச் சான்றிதழ் ஒன்றைச் சொன்னார். இதை எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும். மனநல மருத்துவர் என்றால் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் எம்டி, டிபிஎம் போன்ற மேற்படிப்புப் படித்தவர், மாத்திரை எழுதலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகமான ஆர்சிஐயில் பதிவு செய்திருப்பார், பதிவு எண்ணைக் கேட்டால் தயங்காமல் தருவார். கோச், வெல்னஸ் நிபுணர் என்ற பட்டங்களை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பணம் கட்டும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். பேச்சு மாறினால் போனை வைத்துவிடுங்கள்.

பிறகு அந்த இரவு. அதே ஒன்பது கேள்விகள். ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்ததா என்பது. அதுவரை ‘இல்லை’ என்று தொட்டு வந்தவள் அன்று ‘கிட்டத்தட்டத் தினமும்’ என்பதைத் தொட்டாள். திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. அவசரம் என்றால் 988ஐ அழையுங்கள் என்றது. அது அமெரிக்க எண். அவள் அதை நம் ஊர்ப் போனில் அழுத்தியிருக்கிறாள். போகவில்லை. என் மகள் என்னிடம் எழுந்து வந்தாளே, அதற்காக எத்தனை தெய்வங்களுக்கு நன்றி சொன்னாலும் போதாது. என் தோளை உலுக்கி, போனை முகத்துக்கு நேராக நீட்டினாள். வாயால் சொல்ல வரவில்லை அவளுக்கு. திரை வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தச் சிவப்புப் பெட்டியைப் படித்தேன்.

பள்ளி அறிவிப்புப் பலகையில் எப்போதோ பார்த்த எண் 14416. மத்திய அரசின் டெலிமானஸ் என்ற மனநல உதவிச் சேவை, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. மொழியைத் தேர்ந்தெடுத்ததும் தமிழில் ஒரு பெண் பேசினார். எனக்குக் குரல் வரவில்லை. அவர் அவசரப்படவில்லை. ‘மகள் இப்போது எங்கே இருக்கிறார், அம்மா? பக்கத்தில்தான் இருக்கிறாரா?’ என்று கேட்டார். வீட்டில் என்னென்ன மாத்திரைகள் இருக்கின்றன, வயலுக்கு வாங்கிய மருந்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றையும் பூட்டி வைக்க வேண்டும், முடிந்தால் வீட்டை விட்டே அகற்ற வேண்டும், இன்றிரவு தனியாக விடக் கூடாது, கதவைத் தாழிட வேண்டாம் என்றார். பிறகு மகளிடம் பேசினார். அவள் பேசியதைவிட அழுததுதான் அதிகம். அந்தப் பெண் அந்த அழுகை முடியும் வரை இருந்தார். எந்தச் செயலியும் அதுவரை அவளுக்குச் செய்யாத காரியம் அது.

நேரடியாகக் கேளுங்கள் என்றும் அவர் சொன்னார். ‘செத்துப்போக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று பெற்ற வாயால் எப்படிக் கேட்பது, கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடாதா என்று எல்லோரும் பயப்படுகிறோம். அப்படி விதைவதில்லை என்பது மருத்துவர்கள் உறுதியாகச் சொல்வது. நான் கேட்டேன். அவள் சொன்னாள். அவள் சொல்லி முடித்தபோது முகத்தில் ஒரு தளர்வு தெரிந்தது, பல மாதங்களுக்குப் பிறகு. நான் செய்ததெல்லாம் குறுக்கே பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததுதான். உனக்கு என்ன குறை வைத்தோம், அப்பா வெயிலில் கிடந்து உழைக்கிறாரே என்ற வார்த்தைகள் தொண்டை வரை வந்தன. தயவுசெய்து அவற்றை விழுங்கிவிடுங்கள்.

விடிந்ததும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். அரசு மருத்துவமனைகளில் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது என்பதே எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. வெளிநோயாளி சீட்டு, பெஞ்சில் காத்திருப்பு, ஒரே கூட்டம், எல்லாம் உண்டு. தெரிந்த முகமும் ஒன்று இருந்தது. அந்த அம்மாள் தன் மகனை அழைத்து வந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டோம். மருத்துவர் முதலில் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மகளிடம் தனியாகப் பேசினார். மாத்திரையும், உளவியலாளரிடம் வாரம் ஒருமுறை பேச்சும் எழுதினார். மாத்திரை பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் பதற்றம் கூடுகிறதா என்று கூடவே இருந்து கவனியுங்கள், நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். மருந்துக்குப் பணம் வாங்கவில்லை. பஸ்ஸுக்கும் டீக்கும்தான் செலவு.

செயலியைப் பற்றி அவரிடம் கேட்டேன். மூச்சுப் பயிற்சி பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளட்டும், வாரத்துக்கு இரண்டு நல்ல இரவுகளும் ஐந்து கெட்ட இரவுகளும் என்ற நிலை வந்த பிறகு செயலியை நம்பி நாள் கடத்தாதீர்கள் என்றார். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, படிப்பு மூன்றும் கெட்டிருந்தால் மனிதரிடம் கொண்டுவர வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு வந்தால் அன்றைக்கே.

கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு அந்தச் செயலியின் தனியுரிமைப் பக்கத்தைப் படித்தேன். மகள் எழுதியவற்றை வைத்து என்னென்ன செய்யலாம் என்று நீளமாக இருந்தது. வயது கேட்ட இடத்தில் அவள் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டிருந்தாள். மேலே எதுவும் கேட்காமல் செயலி விட்டுவிட்டது. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய ஆலோசனை நிறுவனம், பயனாளர்களின் விவரங்களை ஃபேஸ்புக், ஸ்நாப்சாட் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்ததாக 2023இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. நம் நாட்டில் 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குள்ளானவர்களின் விவரத்தைப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் கையாளக் கூடாது என்கிறது. செயலியை அழித்தால் அவள் எழுதியவை அழியாது. கணக்கையும் தரவையும் நீக்குங்கள் என்று தனியாக எழுதிக் கேட்க வேண்டும். நான் மின்னஞ்சல் அனுப்பி, நீக்கிவிட்டோம் என்ற பதில் வரும் வரை விடவில்லை.

இந்தச் சேவைகள் நிரந்தரமும் இல்லை. உலகம் முழுவதும் பேசப்பட்ட வோபாட் என்ற உரையாடல் செயலி 2025 ஜூன் 30 அன்று நிறுத்தப்பட்டது. நடுராத்திரித் துணையாக அதை நினைத்திருந்த பிள்ளைகளை நான் யோசித்துப் பார்க்கிறேன்.

இத்தனைக்கும் பிறகும் செயலி வேண்டும் என்று தோன்றினால், பிள்ளை கையில் கொடுக்கும் முன் நீங்களே ஒரு மாலை அதில் உட்காருங்கள். உங்கள் பிள்ளை பேசும் மொழியில், பிள்ளை எழுதும் எழுத்தில், பிள்ளை சொல்லக் கூடிய மிக மோசமான வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். ஒருவர் என்னைத் தப்பாகத் தொடுகிறார் என்று எழுதுங்கள். 2018இல் பிபிசி இப்படித்தான் இரண்டு பிரபலச் செயலிகளைச் சோதித்தது. குழந்தை பாலியல் துன்புறுத்தலைச் சொன்னபோது உதவி கேட்கும்படி இரண்டுமே வழிகாட்டவில்லை. பதிலில் இந்திய எண் வருகிறதா, அந்த எண் உங்கள் போனில் போகிறதா என்று அழைத்தே பாருங்கள். விலை, நட்சத்திரம், விமர்சனம் எல்லாம் அதற்குப் பிறகு.

பயிற்றுநர் தொகுப்பில் மீதி இருந்த பணத்தைத் தர மறுத்தார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன், ஒரு பகுதி திரும்பி வந்தது. மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நீட் பயிற்சியை அவளே வேண்டாம் என்றாள், விட்டுவிட்டோம். மாத்திரை தொடர்கிறது. கெட்ட நாள்கள் இப்போதும் வருகின்றன, வந்தால் சொல்கிறாள்.

எண்களைச் செயலிக்குள் தேடாமல் ஒரு தாளில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். டெலிமானஸ் 14416. தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. பிள்ளைகளுக்கு 1098. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு 044-24640050. என்ன பேசுவதென்று தெரியவில்லையே என்று போனை எடுத்துவிட்டு வைத்துவிடாதீர்கள். ‘என் பிள்ளைக்கு மனசு சரியில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.